பிளேட்டுக்குள் ஒரு துகள்

துறைமுகத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது அந்தச் சிறிய விமானத்தின் ஒரே எஞ்சின் பெரிய சத்தத்துடன் நின்றுபோனது. ஓட்டியவர் ஒரு பெண் விமானி. காற்றிலேயே மிதக்கவிட்டு ஓடுபாதையில் இறக்கிவிட்டார். பயணிகள் எல்லோரும் தங்கள் காலால் நடந்து வந்தார்கள்.

மூன்று வாரங்களுக்கு முன் அந்த எஞ்சினைப் பார்த்துக் கையெழுத்திட்டவள் நான். நுனியில் கமரா பொருத்திய மெல்லிய குழாயை உள்ளே விட்டு, விசிறி இதழ்கள் போலச் சுழலும் பிளேட்டுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று தேடுவது என் வேலை. விமானம் இறங்கிய அன்றே அதே குழாயை மறுபடி உள்ளே விட்டேன். விரலளவு பிளேட் ஒன்று அடியோடு முறிந்து மற்றவற்றையும் சிதைத்திருந்தது.

பக்கத்தில் நின்ற விமானி கேட்டார்: "நீங்கள் பார்க்கேக்க இது இருந்ததோ?"

"தெரியேல்ல. கண்டிருந்தால் விட்டிருக்க மாட்டன்."

அவர் ஏசவில்லை. "அப்ப என்ன நடந்ததெண்டு கண்டுபிடியுங்கோ" என்றார்.

முறிந்த துண்டுடன் கொழும்பு ஆய்வுகூடத்துக்குப் போனேன். நுணுக்குக்காட்டியில் பார்த்தால், அலை வற்றிய மணலைப் போல வரிவரியாகக் கோடுகள். வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த தடம். எல்லா வரிகளும் ஒரு புள்ளியைச் சுற்றியே வளைந்திருந்தன.

"உலோகத்தை வார்க்கேக்க அச்சில இருந்து விழுந்த துகள்" என்றார் ஆய்வுகூடப் பொறியியலாளர். "உள்ளுக்க இருந்தது. உங்கட கமராவால காண ஏலாது."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூசியை வயிற்றில் வைத்துக்கொண்டு, நெருப்புக்குள், ஒரு லொறியைத் தொங்கவிட்டாற்போன்ற இழுவையில், அந்தப் பிளேட் இத்தனை வருடம் சுழன்றிருக்கிறது. முறிந்தது அதிசயமா, இவ்வளவு நாள் தாங்கியது அதிசயமா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகுதான் கேட்டேன்: "இதோட ஒண்டா வார்த்த மற்றப் பிளேட்டுகள் எங்க?"

பதிவேடுகளைத் தேடினோம். அவை அதே நிறுவனத்தின் இன்னொரு விமானத்தில் இருந்தன. அன்றே அதை நிறுத்தினார்கள். கழற்றிய பிளேட்டுகளை எக்ஸ்-கதிரில் பார்த்தபோது ஒன்றில் அதே மாதிரி ஒரு துகள்.

படத்தை விமானியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"வாற கிழமை அந்த மற்ற விமானத்தில நான்தான் பறக்க இருந்தனான்" என்றார். பிறகு படத்தில் இருந்த அந்தத் துகளை விரலால் தொட்டு, மெதுவாக, "இவ்வளவுதானோ?"

"ஓம். இவ்வளவுதான்."