குளக்கட்டில் முக்கால் மணித்தியாலம்

என் மனைவி தாதி. நான் அக்கராயன் என்ற ஊரில் வயல் செய்கிறவன். பதினொரு வருடமாக அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிக்கொண்டு வருவதும் நான்தான். மோட்டார் சைக்கிளில் அரை மணித்தியால ஓட்டம்.

போன வருடம் சிறுபோகம் விதைத்திருந்த நேரம். அவள் நோயாளிகளைப் பார்க்கும் வாட்டில் தாதி ஒருவர் பிரசவ விடுமுறையில் நின்றார். இன்னொருவர் மாற்றலாகிப் போய்விட்டார். இரண்டு இடத்துக்கும் ஆள் வரவில்லை. அவளும் மிச்சமிருந்த இரண்டு பேரும் அந்த வேலையையும் பங்கிட்டுச் செய்தார்கள்.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு, இரவு டியூட்டி முடிந்து வருவாள் என்று வாசலில் நின்றேன். வந்தாள். கையில் பை இல்லை.

"காலமை டியூட்டிக்கு வரவேண்டிய பிள்ளைக்குக் காய்ச்சலாம். ஒரு மணிக்குத்தான் அடுத்த ஆள் வரும். நீங்கள் போயிட்டு வாங்கோ."

"ராத்திரி முழுக்க நிண்டனீர் எல்லே?"

"நானும் வந்தா வாட்டில ஆர் நிக்கிறது?"

கடையில் இடியப்பப் பார்சல் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போனேன்.

ஒரு மணிக்குத் திரும்பி வந்தபோது அந்தப் பார்சல் பிரிக்காமலே அவள் பையில் இருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. பின்னால் ஏறி உட்கார்ந்ததும் கதைக்கத் தொடங்கினாள். கதைத்துக்கொண்டு வந்தால் நித்திரை வராது என்பது அவளுடைய எண்ணம்.

"நாயாற்றில இருந்து மீன்பிடிக்கிற ஐயா ஒருத்தர் வாட்டுக்கு வந்திருக்கிறார். கடலுக்குப் பயமில்லையாம். ஊசியைக் கண்டா மட்டும்..."

அந்த இடத்தில் பேச்சு நின்றது. அவளுடைய ஹெல்மெட் என் முதுகில் மெல்ல முட்டியது. நான் பயந்துபோனேன். ஒரு கையைப் பின்னால் கொடுத்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வழியிலுள்ள குளக்கட்டில், மருதமர நிழலில் ஓரமாக நிறுத்தினேன். எழுப்ப மனம் வரவில்லை. இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி, அசையாமல் இருந்தேன்.

பக்கத்து வயல்காரர் தன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்.

"என்ன அண்ணை, எண்ணெய் முடிஞ்சுதே?"

நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். உடனே எஞ்சினை நிறுத்தினார்.

"எங்கட அம்மாவை ஆஸ்பத்திரியில பாத்தது இந்த மிஸிதான்," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு வண்டியை உருட்டிக்கொண்டு போனார். வளைவு தாண்டின பிறகுதான் ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது.

என் கால்கள் விறைத்துப்போயின. முக்கால் மணித்தியாலம் கழித்து அவள் அசைந்தாள்.

"...கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடுறார். வாட்டே சிரிக்குது," என்றாள். இடையில் தூங்கினதே அவளுக்குத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இஞ்சேரும், யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேளுமன். அங்க வேலைக்கு ஆக்கள் கூடவாம்," என்றேன்.

அவள் ஹெல்மெட்டை நேராக்கினாள்.

"கேக்கலாம். எனக்குப் பதிலா ஆள் வந்த பிறகு கேப்பம். இல்லாட்டி மற்ற ரெண்டு மிஸிமாரும் வேலையில செத்துப்போவினம்."

வேலை கூடுதலாக இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். தன்னோடு நிற்பவர்களை அவள் எப்படித் தாங்குகிறாள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. பிறகு நான் மாற்றத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

காலபோகப் பயிர் பச்சை பிடித்த நேரம், பயிற்சி முடித்த இரண்டு பிள்ளைகள் அந்த வாட்டுக்கு வந்தார்கள். இன்னும் ஆள் போதாதுதான். ஆனாலும் கிழமையில் ஒரு முழுநாள் அவளுக்கு லீவு கிடைத்தது.

முதல் லீவு நாளில் நன்றாகத் தூங்குவாள் என்று நினைத்தேன். விடிந்ததும் எழும்பி, "நானும் வயலுக்கு வாறன்," என்றாள். அவள் வழிநெடுகச் சொல்லிச் சொல்லி, அவளுடைய வாட்டில் எந்தக் கட்டிலில் யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வயலின் எல்லை எதுவரை என்று அவளுக்குத் தெரியாது. வரம்பில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தாள்.

"இது எத்தினை மாசத்து நெல்லு?"

"மூண்டரை."

"அங்கால வாய்க்கால் ஆருடையது?"

எல்லாவற்றையும் கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு கூட நடந்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது மத்தியானம் ஆகிவிட்டது.