கஸ்தூரி அக்காவின் இலைக்கு மல்லாட்டை

கஸ்தூரி அக்கா போய்விட்டார்.

நேற்று காலை. ஆபரேஷனுக்குப் பிறகு ஐ.சி.யு.வில் கண் திறக்காமலேயே... இன்று மதியம் திண்டிவனத்தில் அடக்கம் முடிந்தது. சாயங்காலம்தான் விழுப்புரத்தில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில், புடவைப் பிரிவில் வேலை செய்தவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எங்கள் இருவருக்கும் என்ன உறவு என்று கேட்டால், வயிறுதான்.

எனக்குக் குடல்வால் வெடித்து வயிற்றைத் திறந்தார்கள். அவருக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தையல் ஆறிய பிறகு இருவருக்குமே உள்ளே குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது.

ஒட்டிய இடம் மடங்கினால் அடைப்பு. சாப்பிட்டது இறங்காது, காற்றும் பிரியாது. வயிறு ஊதும், பிழிகிற வலி, வாந்தி. மூக்கு வழியாக டியூப் போட்டு, ட்ரிப்ஸ் ஏற்றி, பட்டினியாகப் படுக்க வைத்துக் காத்திருப்பார்கள். பெரும்பாலும் தானாகத் திறந்துகொள்ளும். சில மாதம் நன்றாக இருப்போம். மறுபடி வரும். திறந்து பிரித்துவிட்டாலும் திரும்ப ஒட்டலாம் என்பதால் டாக்டர்களும் கத்தியை எடுக்க யோசிப்பார்கள்.

அப்படி ஒரு முறை மூக்கில் டியூபோடு கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்தான் அக்கா.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்டார். "காத்து பிரிஞ்சுதாம்மா?"

நான் போர்வையை முகம் வரைக்கும் இழுத்துக்கொண்டேன்.

"வாயத் தொறந்து சொல்லுங்க மேடம். உங்களப் பொண்ணு பாக்கவா வந்துக்கிறாரு?" பக்கத்துக் கட்டிலில் இருந்து குரல்.

மறுநாள் விடியும்போது அக்காவுக்குக் காற்று பிரிந்தது. வார்டுக்கே அறிவித்துவிட்டார். "சிஸ்டர், வந்துடுச்சி! சந்தேகம்னா எதிர் கட்டில்ல கேளுங்க, சாட்சி!"

டியூப் இருக்கும்போது சிரித்தால் தொண்டை எரியும். எரிய எரியச் சிரித்தோம்.

எனக்கும் வேலை திண்டிவனம். மதிய இடைவேளையில் சந்திப்போம். இரண்டு டப்பாவிலும் ஒரே சாப்பாடு... குழைய வடித்த சோறு, தெளிந்த ரசம். கீரை ஆகாது, நார் உள்ள எதுவும் ஆகாது.

ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை அம்மா எங்களை விடவே இல்லை. "இன்னாம்மா, ரெண்டு பேரும் கோழி கொத்தற மாதிரி கொத்திக்கினு இருக்கீங்க? டயட்டா?"

"ஆமாங்க, அழகிப் போட்டிக்குப் போறோம்" என்றார் அக்கா. முகம் கொஞ்சமும் மாறவில்லை.

பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விற்கும் வண்டியை மட்டும் அவரால் தாண்டிப் போக முடியாது. பொட்டலத்தை வாங்கி முகத்தருகே வைத்து ஆவியை இழுப்பார். ஓட்டை உடைத்து உள்ளே இருக்கும் உப்புத் தண்ணீரை மட்டும் உறிஞ்சுவார். பருப்பை, பஸ்ஸுக்கு நிற்கும் யாரிடமாவது நீட்டிவிடுவார்.

"இதெல்லாம் தேவையா அக்கா?"

"நாக்குக்குக் காட்டிட்டேன். வயித்துக்கு எதுக்குத் தெரியணும்?"

எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. வலி வந்தால் முதல் போன் மற்றவருக்கு. பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் உடனே, கட்டி வைத்திருக்கும் ஆஸ்பத்திரிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

"வெந்நி குடிச்சா சரியாப் பூடும்னு ஒக்காந்துக்கினு இருக்காத சுமதி. ஜல்தியா கெளம்பு." எத்தனை முறை என்னை விரட்டியிருக்கிறார்... ஒரு முறை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றிருந்தார்.

இந்த முறை அவரிடமிருந்து போன் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் பிரியாவுக்கு வளைகாப்பு. கோலியனூரில், சம்பந்தி வீட்டில். புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு எல்லாம் கட்டி எடுத்துப் போயிருக்கிறார். போகும்போதே வலி. பின்பக்கம் போய் வாந்தி எடுத்ததை அவர் தங்கை பார்த்திருக்கிறார். பச்சை. கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்.

"சும்மா இருடீ. பொண்ணுக்கு வளையல் போடற நேரத்துல பெத்தவ எழுந்து போனா நல்லாவா இருக்கும்? முடியட்டும், போலாம்."

முகம் கழுவிக்கொண்டு வந்து மகளின் கன்னத்தில் சந்தனம் பூசியிருக்கிறார். போட்டோவை இன்று காட்டினார்கள். சிரிக்கிறார். வலது கையில் சந்தனம். இடது கை நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்திருக்கிறது. எனக்கு அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது.

எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்தபோது குடல் முறுக்கிக் கறுத்துப்போயிருந்ததாம்.

என் பை இப்போதும் கதவருகேதான் இருக்கிறது. அடுத்த முறை முதல் போன் யாருக்கு என்று தெரியவில்லை...

கொஞ்ச நேரம் முன்பு பிரியா கூப்பிட்டாள். நாளை காலை பால் தெளிப்பு; அடக்கம் செய்த இடத்தில் பால் ஊற்றி, அக்காவுக்குப் பிடித்ததை இலையில் படைப்பார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியை அங்கே அனுப்ப மாட்டார்கள். அதனால் அம்மாவுக்குப் பிடித்ததை வீட்டிலிருந்து கொடுத்தனுப்ப வேண்டும்.

"ரசஞ்சோறும் இட்லியும் வெக்கலாம்னு இருக்கோம் ஆன்ட்டி. அம்மா அதத்தானே சாப்புடும்?"

"அது ஒத்துக்கிட்டது பிரியா. புடிச்சது இல்ல."

சொன்னேன். கேப்பைக் களி, முருங்கைக்கீரை. அப்புறம் உப்புப் போட்டு வேகவைத்த மல்லாட்டை.

"ஆமா ஆன்ட்டி... நான் ஸ்கூல் படிக்கறப்போ மடியில கொட்டி வெச்சிக்கினு சாப்புடும். மறந்தே பூட்டேன்" என்றாள்.

பச்சை மல்லாட்டை வாங்கி வந்து மண் போகக் கழுவி வைத்திருக்கிறேன் அக்கா. விடிந்ததும் வேகவைத்து, சூடு ஆறாமல் கொண்டுவருகிறேன்.

பருப்பை யாரிடமும் நீட்டாதீர்கள். நீங்களே சாப்பிடுங்கள்.