நிஷா மாமி வீட்டுக் கம்ப்யூட்டர்

அருப்புக்கோட்டையில் ரஹ்மத் நிஷாவுக்கென்று ஒரு காலம் இருந்தது. கணவர் ஜமால் மைதீன் தம்மாமிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டர்தான் அந்தத் தெருவுக்கே முதல் கம்ப்யூட்டர். அதற்காக வகுப்புக்குப் போய்ப் படித்தும் வந்தாள். அப்புறம் என்ன, வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்தால், சவுதிக்கும் துபாய்க்கும் புருஷனை அனுப்பிவிட்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் அவள் வீட்டில்தான். "அந்த மனுசன நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டு மெயில் அடி நிஷா" என்பார்கள். அவள் நாலில் இரண்டைத்தான் அடிப்பாள். சில குடும்பங்கள் பிழைத்ததே அதனால்தான் என்று இன்றும் நம்புகிறாள். யார் வீட்டுக் கதையையும் அவள் வாயிலிருந்து பிடுங்க முடிந்ததில்லை.

பிறகு ஆளுக்கொரு செல்போன் வந்தது, வெள்ளிக்கிழமைக் கூட்டம் கலைந்தது. ஜமால் மைதீனும் ஊர் திரும்பிவிட்டார். அந்தச் சிரிப்பும் கூச்சலும் இல்லாத வெள்ளிக்கிழமைகள் அவளுக்கு இன்னும் பழகவில்லை. ஆனால் கம்ப்யூட்டரை அவள் பழைய சாமான்காரனுக்குப் போடாததற்குக் காரணம் வேறு. அதில் முகமது ஆசிக்கின் குரல் இருந்தது.

ஆசிக், அடுத்த தெரு தஸ்லீமாவின் கணவர். ரியாத்திலிருந்து மனைவிக்காகப் பேசிப் பதிந்து, நிஷாவின் மெயிலுக்கு அனுப்பியிருந்தார். அடுத்த மாதமே அங்கே ஒரு விபத்தில் போய்விட்டார். "இத ஒரு சிடியில போட்டுத் தரட்டுமா?" என்று நிஷா கேட்டதற்கு, கைக்குழந்தையோடு நின்ற தஸ்லீமா, "வேணாம் நிஷா, எனக்குத் தாங்காது. ஒன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். இருபது வருஷத்துக்கு மேலாக அது அங்கேயே இருந்தது.

அந்தக் கைக்குழந்தை நஸ்ரினுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். "மாமி, அத்தா குரல ஒரு தடவ கேக்கணும்" என்று வந்து நின்றாள். பட்டனை அமுக்கினால் கருப்புத் திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி: டிஸ்க் சரியில்லை, மாற்று. நிஷா மறுபடி மறுபடி பட்டனை அமுக்கிப் பார்த்தாள். அடைக்கலமாகக் கொடுத்த பொருளல்லவா? பஜாரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரூபனைக் கூப்பிட்டாள்.

"பூட் செக்டார் வைரஸா இருக்கும்க்கா" என்றான் ரூபன். "மிஷின் கண்ணு முழிக்கிறப்ப மொதல்ல படிக்கிற எடம் அது. அங்க போயி வைரஸ் உக்காந்துட்டா எந்திரிக்கவே விடாது. பேசாம எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுருவோம்."

"அழிச்சிட்டா அப்புறம் எதுக்குப்பா எனக்கு இந்த டப்பா?" என்றாள் நிஷா.

ரூபன் மூடியைக் கழற்றிப் பார்க்கலாமென்று குனிந்தான். முன்பக்க ஓட்டையில் அந்தக் காலத்துச் சதுர டிஸ்க், ஒரு பிளாப்பி, செருகியிருந்தது.

"இது யாருக்கா வச்சது?"

"நாந்தாம்ப்பா. அந்த ஓட்டையோட கதவு ஒடஞ்சு போச்சு. மண்ணு உள்ள போயிரக் கூடாதுன்னு சும்மா கெடந்தத வச்சு அடச்சேன்."

ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம். புழுதிக்குப் பயந்த பொம்பளை வேறென்ன செய்வாள்? ரூபன் சிரித்துக்கொண்டே பிளாப்பியை உருவினான். "வைரஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. முழிச்ச ஒடனே இதத்தான் மொதல்ல போயிப் பாத்துருக்கு. இதுல ஒண்ணும் இல்லன்னதும் அப்படியே நின்னுருச்சு."

"ஓணான எடுத்து மடியில கட்டுன கதையா, நானே செஞ்சு வச்சிருக்கேன் பாரு" என்று நிஷா தலையில் அடித்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே எழுந்தது. நிஷா ஆசிக்கின் குரலைத் தேடித் தட்டினாள்.

"தஸ்லீ, நல்லாருக்கியா? இங்க வெயிலு நம்மூரு வெயில மிஞ்சிருச்சு… நஸ்ரின் முழிச்சிருக்காளா? கிட்ட கொண்டா. ஏ பிள்ள, அத்தா சொல்லு பாப்போம்."

குழந்தை சொல்வதற்காக அந்த மனிதர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருக்கிறார். பிறகு அவராகவே சிரித்தார். "ம், கேட்டுச்சு, கேட்டுச்சு."

நஸ்ரின் கண்ணைத் துடைக்கவில்லை. "மாமி, இன்னொருக்கா போடுங்க."

மறுபடி அதே இடம் வந்தது. அவள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்து, "அத்தா" என்றாள்.

"ம், கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றார் ஆசிக்.