பட்டைச் சேமியா

எங்கள் வீட்டில் நல்ல பாலை வேண்டுமென்றே திரியவைத்தவள் என் அத்தை ஒருத்திதான். அப்பாவின் தங்கை. கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் ஒரே ஒரு துணிப்பையோடு திருவண்ணாமலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள், திரும்பிப் போகவில்லை. ஏன் என்று நான் கேட்டால் அம்மா உடனே என்னைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிடுவாள்.

செங்கம் ரோட்டில் குடியிருந்த இத்தாலிக்கார அம்மாள் ஒருவருக்குச் சமைக்க ஆள் வேண்டியிருந்தது. காரம் ஒத்துக்கொள்ளாத வயிறு. தன் ஊர்ச் சாப்பாட்டை அத்தைக்கு ஒருதரம் செய்துகாட்டி, அதேபோல் செய்துவந்தால் வேலை என்று சொல்லியிருந்தார். மாவைப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, நாடா நாடாவாக நறுக்கி வேகவைக்க வேண்டும். வதக்கிய காய்கறியோடு புரட்டி, திரிந்த பாலை வடிகட்டிய கட்டியை மேலே உதிர்க்க வேண்டும். அவர் சொன்ன பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. பட்டைச் சேமியா என்று நாங்களே வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் அது கொதிநீரில் கரைந்து கூழானது. மறுநாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாக வந்தது. “உனக்கெதுக்கு இந்த வேல?” என்றாள் அம்மா. அத்தை எலுமிச்சம்பழத்தை அடுத்த படி பாலில் பிழிந்தாள். மூன்றாம் நாள் மைதாவோடு ரவையைக் கலந்து, நறுக்கியதை அப்பாவின் வேட்டியில் உலர்த்தினாள். காக்காய் விரட்டியது நான்.

அது வெந்து, கேரட்டும் அவரைக்காயும் தக்காளியும் வாணலியில் வதங்கிக்கொண்டிருந்தபோதுதான் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமா, அத்தையின் புருஷன், வந்தார்.

“ஊர்ல நாலு பேரு கேக்கறாங்க. போதும், கெளம்பு” என்றார்.

அப்பா தயங்கித் தயங்கி, “மாப்ள இவ்ளோ தூரம் வந்து கூப்பிடறாரேம்மா” என்றார்.

அத்தை அடுப்பைவிட்டு எழவில்லை. கிளறி முடித்து, தட்டில் போட்டு, பால்கட்டியை உதிர்த்து மாமா முன் வைத்தாள். ஒரு வாய் வைத்ததும் அவர் முகம் கோணியது.

“என்னா இது? காரமே இல்ல.”

“வெள்ளக்காரம்மா வீட்டுச் சாப்பாடு. சாயந்திரம் எடுத்துட்டுப் போறேன், வேல கெடைக்கும். கெடைக்கலன்னா வேற வீடு பாப்பேன். உங்ககூட வரமாட்டேங்க.”

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, “அவ இஷ்டம் மாப்ள” என்றார். தட்டைத் தள்ளிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மாமா போய்விட்டார்.

சாயங்காலம் டிபன் கேரியரோடு அத்தையும் நானும் செங்கம் ரோட்டுக்கு நடந்தோம். அந்த அம்மாள் ஒரு வாய் சாப்பிட்டார், கண்ணை மூடினார், இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டார். “நாளைக்கு வா” என்று தமிழிலேயே சொன்னார்.

திரும்பி வரும் வழியில் எனக்கு மனசு ஆறவில்லை. இத்தனை பாடுபட்டுச் சமைத்தது மாமாவுக்குப் பிடிக்காமல் போய்விட்டதே!

“கொஞ்சம் மொளகாத்தூள் போட்டிருந்தா மாமா போயிருக்க மாட்டாரு இல்ல அத்தை?”

அத்தை நடுரோட்டில் நின்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “போடவே மாட்டேன்டி” என்றாள்.

ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று நினைத்துக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன்.