டீச்சர் விட்டுக்கொடுத்த ஒரு மணி நேரம்

காரைக்குடியில் நான் நெட்வொர்க்கிங் படித்த அறையில் இரண்டு பழைய ரவுட்டர்கள் இருந்தன. மதுரையிலிருந்து இரவல் வந்தவை. சென்னையில் நாங்கள் எழுதவேண்டிய சான்றிதழ் தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமையோடு திரும்பிப் போய்விடும். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊரில் அந்தப் பெட்டியைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்துப் பழகினோம். எனக்கு அடுத்த முறை டீச்சருடையது. கான்வென்ட் பள்ளியில் கணக்கு எடுத்தவர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். பள்ளி விட்டதும் சாக்பீஸ் தூசி படிந்த கையோடு வந்து என் பக்கத்தில் மாணவியாக உட்காருவார்.

தேறினால் சென்னையில் எனக்கு ஒரு வேலை நிச்சயம். தேறாவிட்டால் பெரியப்பாவின் இரும்புக் கடை. அங்கே ஆணிக்கும் எனக்கும் ஒரே மரியாதைதான். அந்தக் கடைசிச் சனிக்கிழமையும் ஒரு பாடம் எனக்குப் பிடிபடவில்லை. ரவுட்டர்களுக்கு இடையே இரண்டு கம்பிகள். இரண்டையும் ஒரே கட்டாகச் சேர்த்து ஐபி முகவரி தரவேண்டும். நானோ கம்பிக்கு ஒரு முகவரி போட்டேன். திரையில் பிழைச் செய்தி வந்தது. மாற்றிப் போட்டேன், மறுபடியும் அதே. என் நேரமும் முடிந்துவிட்டது.

"எங்குட்டு எந்திரிக்கிறீக? இருங்க தம்பி" என்றார் டீச்சர். "கல்யாணம் ஆனதும் வேறு வச்சுருவீகளே உங்க வீட்டுல, அந்தப் பழக்கமா? ஆளுக்கொரு அடுப்பு எரிஞ்சாலும் தபாலு ஒரே வெலாசத்துக்குத்தான வருது? கம்பி ரெண்டையும் வெறுமனே விடுங்க. கட்டுக்கு மட்டும் முகவரியக் குடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பெரிய வீட்டில் மணமான ஒவ்வொரு மகனையும் 'வேறு வைத்து'விடுவார்கள், அவரவருக்குத் தனிச் சமையல். வாசல் எல்லோருக்கும் ஒன்று. கம்பிகளிலிருந்து முகவரிகளை அழித்து, கட்டுக்கு ஒன்றைக் கொடுத்தேன். எதிர் ரவுட்டர் பதில் சொன்னது. கை பழகும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். அது அவருடைய நேரம். அவர் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்காத வேறொரு பாடத்துக்காக வைத்திருந்த நேரம். நான் தயங்கினேன். "எனக்குத்தான் ஸ்கூல்ல வேலை இருக்கே தம்பி. ஒங்களுக்கு இதுதான இருக்கு?" என்று சொல்லிவிட்டார். மாலையில் பெட்டிகள் மதுரைக்கு வண்டியேறின.

இன்றுவரை இந்தத் தொழிலில்தான் சோறு தின்கிறேன். டீச்சருக்கு மனதுக்குள் நன்றி சொல்லாமல் எந்த ரவுட்டரிலும் நான் கை வைத்ததில்லை.

சென்னையில் கணினியில் தேர்வு எழுதி, முடிவையும் அதிலேயே பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, எனக்கு முன்பே எழுதி முடித்த டீச்சர் படிக்கட்டில் நின்றிருந்தார்.

"அந்தக் கேள்வி வந்துச்சா?" என்றார் முதல் வார்த்தையாக.

"வந்துச்சு டீச்சர். பாஸ்."

கையைத் தட்டிச் சிரித்தார். "நீங்க?" என்றேன்.

"நான் பாக்காத பாடத்துலேயே நெறையக் கேட்டுப்புட்டாக. போச்சு. அது கெடக்கட்டும், வாங்க. மொதல்ல உங்க ஆத்தாவுக்குப் போன் போடுவோம், காத்துக்கிட்டு இருப்பாக" என்று சொல்லிவிட்டு, எஸ்டிடி பூத்தைத் தேடி எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.