அழகையா பூட்டிய செட்

மூன்றாவது வரிசை இருக்கையில், முழங்கால் மோவாயில் முட்ட, கண்களை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அழகையா. ஜீப்பின் கதவுகளெல்லாம் சாத்தியிருக்கின்றன. உள்ளே பாட்டு ஓடுகிறது. ஒரு சரணம் முடிந்ததும் இறங்கி நடு வரிசையில் ஏறுகிறார். கொஞ்சம் கேட்டுவிட்டு மற்ற ஓரத்துக்கு நகர்கிறார். சாரதி ஆசனம் கடைசியில்தான்.

"முன்னுக்கு இருக்கிறவருக்குக் கேக்கிறது பெரிய வேலையா சேர்? கம்பெனிக்காரன் அவருக்குத்தானே செஞ்சு அனுப்புறான். பின்னுக்கு இருக்கிறவங்களும் மனுசங்கதானே."

கட்டுகஸ்தோட்டை வீதியில் டயர்க் கடையொன்றின் பின்னால், தகரம் வேய்ந்த சிறிய இடம் அவருடையது. வாகனங்களுக்கு ரேடியோவும் ஸ்பீக்கரும் பூட்டுகிறார். சின்னக் கார்களில் அவருக்குப் பெரிய நாட்டமில்லை. பெரிய ஜீப் ஒன்று உள்ளே திரும்பினால் முகமே மாறிவிடும். பலாப்பழம் வாங்க வந்தவரைப்போல விரல் முட்டியால் கதவுகளைத் தட்டிக்கொண்டு சுற்றி வருவார். தகரம் கிணுகிணுத்தால் உள்தட்டைக் கழற்றி, கூரைக்கு ஒட்டும் தார்த்தாளை வெட்டிச் சூடுகாட்டி உள்ளே ஒட்டுவார். வண்டியோடு வந்த காகித ஸ்பீக்கரைக் கையில் ஏந்தி, "இம்மாம் பெரிய வண்டிக்கு இந்த அப்பளமா!" என்று வருத்தப்படுவார்.

ஆள் குள்ளம். நாற்பதைத் தாண்டிவிட்டார். தேசிய அடையாள அட்டை சட்டைப்பையில் பாதி வெளியே தெரியும்படியே இருக்கும். பேச்சுக்குப் பேச்சு "வெளங்கல சேர்" என்பார். அது அவருக்கு வெறும் வாய்ப்பழக்கம் என்று முதலில் நினைத்தேன். அவருடைய கதைகளைக் கேட்டபிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டமொன்றின் லயக் குடியிருப்பில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தை விட்டதும் கண்டியில் ஒரு ரேடியோக் கடையில் வேலை பழகினார். எண்பத்து மூன்றாம் ஆண்டு இனக்கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. "கட்டடம் சிங்கள ஐயாவோடது. வாடகைக்கு இருந்தவரு யாழ்ப்பாணத்துக்காரரு. உள்ளுக்கு இருந்த ரேடியோவெல்லாம் ரிப்பேருக்குக் குடுத்த ஊர்ச் சனத்தோடது. எரிச்சவன் வீட்டு ரேடியோவும் அதில இருந்திருக்கும். அப்ப யாரை சேர் எரிச்சாங்க?" பதில் எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்.

அவருக்கு நேர்ந்த பெரிய சம்பவம் சென்ற வருடத்தது. வடக்கில் சண்டை மூண்டிருந்தது; தெற்கில் பஸ்களிலும் ரயில்களிலும் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் பஹ்மி என்ற இரும்புக்கடை முதலாளி புதிதாக வாங்கிய ஏழு பேர் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். "பின் சீட்டுல வாப்பாக்கு ஒண்டும் கேக்குறல்ல அழகையா. குர்ஆன் கிராஅத் போட்டாலும் இரைச்சல்தான். நல்லதாப் பாத்து ஒரு செட் பூட்டுங்க" என்றார்.

அழகையா மனம்வைத்துச் செய்த வேலை அது. நான்கு கதவுக்கும் புது ஸ்பீக்கர். பின்னிருக்கைக்கு அடியில் அம்ப்ளிஃபயர். அதன் பக்கத்தில் 'பேஸ்' என்கிற தடிப்பான சத்தத்துக்கென்று பலகைப் பெட்டி. எஞ்சின் பக்கமிருக்கும் பற்றரியிலிருந்து பின்பக்கம்வரை விரல்தண்டிச் சிவப்புக் கம்பி, நடுவில் கண்ணாடிக் குழாய்க்குள் ஃபியூஸ்.

பஹ்மி கொழும்புக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இருக்கையைத் தூக்கிப் பார்த்தார்கள். சிவப்புக் கம்பி, பெட்டி, ஃபியூஸ். பஹ்மியை மாலைவரை வைத்து விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். ஜீப்பை அனுப்பவில்லை. பூட்டியவர் யார் என்று கேட்டார்கள். பெயர் தமிழ்ப் பெயர். மறுநாள் காலை அழகையாவை விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள்.

சிங்களத்தில் நடந்த அந்த விசாரணையை அழகையா எனக்குத் தமிழில் நடித்துக் காட்டினார். இரண்டு பேராகவும் அவரே மாறி மாறி நின்றார்.

"சிவப்பு வயர் என்னாத்துக்கு?"

"கரண்டு வர்றதுக்குங்க சேர்."

"நடுவுல இது?"

"ஃபியூஸ். அது இல்லாட்டித் தீப்புடிக்கும்."

"அப்ப இதில தீ வைக்கலாம்?"

"வைக்கலாம்… இல்ல சேர், வைக்காம இருக்கத்தான்."

"பெட்டிக்குள்ள ஏன் வெறுமையா இருக்கு? என்னா வைக்கிறதுக்கு?"

"காத்து சேர். சத்தத்துக்குக் காத்து வேணும்."

நடிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நான் சொன்னதெல்லாம் உண்மை. சொல்லச் சொல்ல எனக்கே குண்டு மாதிரித்தான் கேட்டிச்சு."

அவருடைய மனைவி ரத்தினம்மா தினமும் சோற்றுப் பார்சலோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்றார்கள். ஆனால் புருஷனுடைய செருப்பு வாசலோரம் கிடந்தது. "வார் அறுந்து நான்தான் ஊசி குத்திக் குடுத்தேன், எனக்குத் தெரியாதா? செருப்பு இருக்கு, ஆளு இல்லைங்கிறாங்க. நான் என்னா செய்ய? செருப்புக்குப் பக்கத்துல பார்சலை வச்சிட்டு வந்தேன்." மறுநாள் போனால் பார்சல் இருக்காது. உள்ளே இருந்த அழகையாவுக்கோ ஒருநாளும் வீட்டுச் சோறு வரவில்லை. அதை யார் சாப்பிட்டார்கள் என்று இருவரும் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

இப்படி இரண்டு கிழமைக்கு மேல் போயிற்று. ஒருநாள் அவரை வெளியே அழைத்து வந்தார்கள். முற்றத்தின் நடுவில் பஹ்மியின் ஜீப் நின்றது. கழற்றிப் பரிசோதித்த சாமான்களெல்லாம் தரையில் ஒரு சாக்கின்மேல் கிடந்தன. பழையபடி பூட்டு என்றார் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி. அழகையா பூட்டி முடித்தார். "சரி. இப்ப போடு" என்று சொல்லிவிட்டு அதிகாரி விலகி நடந்தார். மற்றவர்களும் நடந்தார்கள். கடைசி ஆள் ஓடவே செய்தார். எல்லோரும் மதிலுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

"என் கையால பூட்டின செட்டு சேர். ஒவ்வொரு முடிச்சும் எனக்குத் தெரியும். ஆனா அவங்க எல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் போனதும் எனக்குச் சந்தேகம் வந்திரிச்சு. இத்தனை பேரு பயப்படுறாங்களே, நான்தான் தெரியாம எதையாச்சும் வச்சிட்டேனா? கை சுவிச்சுக்கிட்டப் போகுது, திரும்பி வருது. எங்க அம்மாவை நெனச்சேன். ரத்தினத்தை நெனச்சேன். அப்புறம் அமத்திட்டேன்."

ரேடியோவில் சவர்க்கார விளம்பரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சிங்களப் பெண்ணொருத்தியின் சிரிப்பும் தண்ணீர் விழும் சத்தமும் முற்றம் முழுவதும் நிறைந்தன. மதிலுக்குப் பின்னால் யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பொறுப்பதிகாரி வந்து சாரதி ஆசனத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். வேறு அலைவரிசைக்குத் திருப்பி ஒரு பாட்டை முழுதாகக் கேட்டார். தடிப்புச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

அன்று மாலை அழகையாவை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். குற்றம் என்னவென்றும் சொல்லவில்லை, குற்றம் இல்லையென்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பஹ்மி அந்தச் செட்டை முழுவதும் கழற்றிவிடச் சொன்னார். "எனக்குக் கோவமில்ல அழகையா. பயம்தான்" என்றார். வாப்பாவை முன்னிருக்கைக்கு மாற்றிவிட்டார்களாம். பழைய காகித ஸ்பீக்கர்களையே திரும்பப் பூட்டிக் கொடுத்தார் அழகையா. கழற்றிய பலகைப் பெட்டி அவருடைய கடை மூலையில் துணி மூடிக் கிடந்தது.

சில மாதங்கள் கழிந்திருக்கும். என் காரின் ரேடியோவைக் காட்டுவதற்காக நான் அங்கே நின்றபோது கடும்பச்சை ஜீப்பொன்று உள்ளே திரும்பியது. சாதாரணச் சட்டையில் ஒருவர் இறங்கினார். அழகையா எழுந்த விதத்திலேயே அவர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. "அன்னைக்குக் கேட்ட அதே செட் எனக்கும் வேணும்" என்றார் பொறுப்பதிகாரி. அழகையா என் பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில் கேட்டார்: "சேர், இது கேஸா, வேலையா?"

வேலையாகத்தான் இருக்கும் என்றேன். உறுதியாகச் சொல்ல எனக்கும் முடியவில்லை.

மூலையில் கிடந்த அதே பெட்டியைத் துடைத்து எடுத்தார். சிவப்புக் கம்பியை இழுத்தார். தார்த்தாளை ஒட்டினார். அதிகாரி ஒரு கதிரையில் அமர்ந்து தேநீர் குடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபியூஸை வைக்கும்போது மட்டும் அழகையா ஒருமுறை திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தார். வேலை முடிந்ததும் பாட்டு ஓடியது. அதிகாரி முன்னால் இருந்து கேட்டார். பின்னால் ஏறியும் கேட்டார். இறங்கும்போது முகம் மலர்ந்திருந்தது. "ஹொந்தாய் மல்லி, ஹொந்தாய்" என்று, நல்லாயிருக்கு தம்பி என்கிற அர்த்தத்தில், தன்னைவிட மூத்தவரைப் பாராட்டி, குலுக்குவதற்காக வலது கையை நீட்டினார்.

அழகையா தன் கைகளைப் பழந்துணியில் விரல் விரலாகத் துடைத்தார். பிறகு இரண்டு மணிக்கட்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து முன்னே நீட்டினார்.