சாட்சி சொன்ன பிறகு ஆபரேஷன்: அப்பாவோடு டெல்லிக்கு

சிகிச்சைக்காக டெல்லி போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் தணியவில்லை. எழுத்தில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 பிப்ரவரி கடைசியில் அப்பா, அம்மா, நான் மூவரும் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம். அப்பாவுக்கு முதுகுத்தண்டில் கட்டி. நவம்பரில் ஒரு நாள், செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் வெறுங்காலோடு சர்ச்சுக்கு நடந்து போய்விட்டார். ஜனவரியில் நடையே போயிற்று. முப்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவருக்கு இது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் “நன்மைக்காகத்தான் இருக்கும்” என்றார்கள். யாருடைய நன்மைக்கு என்று கேட்க நாக்கு துடித்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

சென்னையிலிருந்து டெல்லி 2,180 கிலோமீட்டர், முப்பத்து மூன்று மணி நேரம். ஸ்லீப்பரில் ஆளுக்கு 528 ரூபாய். கீழ் பெர்த் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். காலை ஏழரைக்கு இறங்கினோம். கரோல் பாக்கில் ரூபி அத்தை வீட்டில் தங்கினோம். அத்தை அப்பாவின் சித்தப்பா மகள். டெல்லிக்கு வந்து இருபது வருடமாகிறது. வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்து இரண்டு கூலிகள் தூக்கிப்போனார்கள். நூறு ரூபாய்.

மருத்துவமனை அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை டாக்டர் தேதி கொடுத்தார்: திங்கள் காலை எட்டு மணிக்குள் அட்மிஷன், செவ்வாய் ஆபரேஷன். தவறினால் ஜூலைதான், அதற்குள் இடுப்புக்குக் கீழே எதுவும் மிஞ்சாது என்றார்.

சனிக்கிழமை மாலை அத்தை வீட்டில் ஜெபக்கூட்டம். வந்திருந்த ஊழியக்காரர் அப்பாவின் முதுகில் கைவைத்து, கட்டி கரைந்துவிட்டது என்று அறிவித்தார். “விசுவாசிக்கிறவங்க இப்பவே சாட்சி சொல்லுங்க.” அம்மா எழுந்தாள். கணவர் சுகமாகிவிட்டார் என்று அழுதுகொண்டே சொன்னாள். கைதட்டல். அப்பாவின் கால்கள் தலையணை மேல் அப்படியே கிடந்தன. அவற்றை யாரும் பார்க்கவில்லை.

திங்கள் காலை ஆறு மணி. அப்பாவின் துணிப்பை காலியாக இருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா, நேரமாகுதுல்லா?”

அத்தைதான் டெல்லிப் பழக்கத்தில் ஹிந்தி கலந்து பதில் சொன்னாள். “அச்சா, நான் ஒண்ணு கேக்கேன். சாட்சி சொல்லிட்டுக் கத்திக்குப் போனா ஆண்டவரைப் பொய்யராக்குன மாதிரி ஆயிடாதா?”

“அவரு பொய்யராக மாட்டாரு அத்தை. நீங்கதான் அவரு வாயில வார்த்தையப் போட்டீங்க.”

“பாத்தியா அண்ணி, பிள்ளை பேச்சை! படிச்ச திமிரு.”

அப்பா அதுவரை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலையைத் திருப்பினார். “எஸ்தரு, சாட்சி உன் வாயில இருக்கு. கட்டி என் முதுகுல இருக்கு. சட்டையை எடு.”

அம்மா எடுத்தாள்.

ஆட்டோவுக்குத் தொண்ணூறு ரூபாய். “பையா, ஜல்தி” என்று தெரிந்த ஹிந்தியில் சீக்கிரம் போகச் சொல்லி நான் நச்சரிக்க, டிரைவர் ஹிந்தியில் சொன்னார்: “பின்னாடி நோயாளி, முன்னாடி ஜாம். நான் என்ன பறக்கவா?” அப்பா சிரித்தார். ஏழு ஐம்பதுக்குச் சேர்ந்தோம்.

செவ்வாய் காலை ஒன்பதுக்கு அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வராந்தாவில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். எதற்கெடுத்தாலும் சத்தமாக ஜெபிக்கும் அம்மா வாயே திறக்கவில்லை. பதினொரு மணிக்குச் சொன்னாள்: “எனக்கு ஜெபம் வரலட்டி. பொய் சொல்லிட்டேன்லா. நீ பண்ணு.”

ஜனவரியிலிருந்து நான் ஜெபிக்கவில்லை. ஆலயத்தில் பேசும் அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. “ஆண்டவரே, உம்ம மேல எனக்குக் கோபம். நீர் செஞ்சது எனக்குப் பிடிக்கல. ஆனா உள்ள நாங்க போக முடியாது, நீர் போகலாம். அப்பா கூட இரும்.” அவ்வளவுதான். திட்டுவாள் என்று நினைத்தேன். அம்மா “ஆமென்” என்றாள்.

மூன்று இருபதுக்கு டாக்டர் வந்தார். கட்டி எடுத்தாகிவிட்டது. வலது காலில் உணர்ச்சி திரும்பும். இடது கால் பற்றிச் சொல்ல முடியாது.

போகிறவர்களுக்கு: எல்லா ரிப்போர்ட்டுக்கும் மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியிலும் கம்பளி வேண்டும். வராந்தாவில் விரிக்கப் பாய் கொண்டுபோங்கள். தரைத்தளத்தில் தங்குங்கள். தேதி கொடுத்த பிறகு உங்களுக்காக யார் ஜெபித்தாலும் நன்றி சொல்லிவிட்டு, தேதியில் போய் நில்லுங்கள். நம்புவது என்றால் வலியை இல்லை என்று சொல்வதல்ல. இதை நான் பிரசங்கத்தில் கேட்டதில்லை, வராந்தாவில்தான் தெரிந்துகொண்டேன். கோபம் போகவில்லை. அதைத் தினமும் அவரிடமே சொல்கிறேன்.

ஊர் திரும்பி ஒரு மாதமாகிறது. நேற்று ரூபி அத்தை போன் செய்து, அடுத்த கூட்டத்தில் படிக்க ஒரு சாட்சி எழுதி அனுப்பச் சொன்னாள். அம்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அப்பாவின் இடது காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதுதேன் ரூபி. வலது கால் வந்துட்டு, இடது கால் வரல. ரெண்டையும் வாசிப்பியா?”